எலுமிச்சையில் பூ நிறைய, காய் குறைவு: நுண்ணூட்டம் தெளிக்கலாமா?

துளிர்:
வணக்கம். எலுமிச்சை நன்றாகப் பூக்கிறது, பிஞ்சு நிற்பதில்லை. கொழுந்து இலைகள் சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருக்கின்றன. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசியம்) மூன்றும் தவறாமல் கொடுக்கிறேன். கடையில் நுண்ணூட்டக் கலவை (துத்தநாகம், இரும்பு, போரான் போலச் சிறிதளவே தேவைப்படும் சத்துகள்) கிடைக்கிறது. வாங்கித் தெளித்துவிடலாமா?

தோப்புக்காரன்:
கலவை வாங்கும் முன் இலையைப் பாருங்கள். மஞ்சள் முதிர்ந்த இலையில் தொடங்கினால் மெக்னீசியத்தைச் சந்தேகிக்கலாம். கொழுந்தில், இலை அளவு குறையாமல், சின்ன நரம்பு வரை பச்சையாகத் தெரிந்தால் இரும்பு. உங்களுடையது போல இலை சிறுத்து, கணுக்களும் நெருங்கியிருந்தால் துத்தநாகக் குறை. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் துத்தநாகம் இருந்தாலும் வேருக்குக் கிட்டாது. மணிச்சத்தை அள்ளிப் போட்டாலும் இந்தக் குறை கூடும்.

லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் 2.5 கிராம் நீர்த்த சுண்ணாம்பும் போதும். சுண்ணாம்பைத் தனியாகக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், இல்லாவிட்டால் இளம் இலை கருகலாம். முக்கியமானது நேரம். துளிர் விரிந்து, இன்னும் தடிக்காமல் இருக்கும்போது, வெயில் ஏறும் முன், இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளிக்கணும். முதிர்ந்த இலையின் மெழுகில் பாதி வழிந்துவிடும். துத்தநாகம் பழைய இலையிலிருந்து புதுசுக்கு அதிகம் நகராது, அதனால் அடுத்த துளிருக்கு மறுபடி தெளிக்க வேண்டும். ஒரு முறை தெளித்துவிட்டுப் பலனில்லை என்று கைவிடுகிறவர்களைப் பார்க்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

தேனடை:
பிஞ்சு நிற்க போரானும் வேண்டும், மகரந்தக் குழல் வளர அது தேவை. மொட்டு வரும் முன் லிட்டருக்கு 1 கிராம் போரிக் அமிலம். பூ விரிந்த பிறகு தெளிக்காதீர்கள், தேனீக்கள் வரும் நேரம் அது.

துளிர்:
நன்றி அண்ணா. முதிர்ந்த இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்றலாமா?

தோப்புக்காரன்:
சுண்ணாம்பு சேர்த்த கரைசலோடு வேண்டாம், சில நாள் இடைவெளி விட்டுத் தனித்தனியாகத் தெளியுங்கள். போரானை அளவு கூட்டாதீர்கள். போதிய அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு, இலை நுனியும் ஓரமும் கருகினால் உடனே நிறுத்துங்கள். பூக்கும் நேரத்தில் மண் ஒரேயடியாகக் காய்ந்து திடீரென நனைந்தாலும் பிஞ்சு கொட்டும், தண்ணீரையும் சீராக விடுங்கள். அப்புறம், ஒரு மரத்தைத் தெளிக்காமல் விடுங்கள். அதன் அடுத்த துளிரை மற்ற மரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.