மேட்டில் ஏறும்போது ஆக்சிலரேட்டர் இறங்க மறுக்குது – ராட் வெச்ச பழைய ஹைலக்ஸ்

செம்மண்ரோடு:
வணக்கம் அண்ணன்மாரே. மலேசியாவுல பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் செம்பனைத் தோட்டத்துல உரம் ஏத்துற பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். 12ஆர் இன்ஜின், 1587 சிசி, மெனுவல் கியர். ஆக்சிலரேட்டருக்குக் கேபிள் கிடையாது. பெடல்ல இருந்து ஒரு ராட், ஃபயர்வால்ல (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகடு) பெல் கிராங்க், அதாவது இழுப்பைத் திசை திருப்புற லீவர், அங்கருந்து இன்னொரு ராட் கார்பரேட்டருக்கு (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பாகம்) போகுது. காலி வண்டியா ஓட்டினா ஒரு குறையும் இல்ல. 50 கிலோ மூட்டை 15 ஏத்திட்டு, மேட்டுல ரெண்டாவது கியர்ல அழுத்தினா, காலை எடுத்த பிறகும் வண்டி இழுத்துக்கிட்டே போகுது. கிளட்ச்சை மிதிச்ச உடனே ரேஸ் தானா இறங்கிடுது. எல்லா மூட்டுலயும் டபிள்யூடி-40 அடிச்சாச்சு, ரெண்டு நாள் தேவலாம் போல இருந்துச்சு, மறுபடியும் அதேதான். கார்பரேட்டரைக் கழட்டணும்னு சொல்றாங்க. அதுக்கு முன்னாடி வேற எதைப் பார்க்கணும்?

பெங்கல்மேசை:
தம்பி, இப்போதைக்கு கார்பரேட்டரைத் தொடாதீங்க. சிக்கல் எந்தப் பக்கம்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. இன்ஜின் ஆறியிருக்கணும், சாவி அணைஞ்சிருக்கணும். கார்பரேட்டர் லீவர்ல இருந்து ராடைக் கழட்டிட்டு, லீவரைக் கையால முழுசாத் திறந்து விடுங்க. "டக்"னு சத்தத்தோட மூடினா கார்பரேட்டர் சுத்தம். மெதுவா வந்தாலோ பாதியில நின்னாலோ த்ரோட்டில் (காத்து வழியைத் திறந்து மூடுற தட்டு) ஷாஃப்ட்ல பிசின் படிஞ்சிருக்கு. இரண்டாவது பேரல் (கார்பரேட்டர்ல இருக்கிற இன்னொரு காத்துக் குழாய்) தட்டையும் தனியா அசைச்சுப் பாருங்க. முழுசா அழுத்தும்போது மட்டும் திறக்கிற தட்டு அது. பல நாள் திறக்காம கிடந்தா ஒட்டிக்கும்.

அடுத்து ராடு பக்கம். பெல் கிராங்க் பின்னை உருவி, நகத்தால தடவிப் பாருங்க. நகம் எங்கயாவது தடுக்கினா அங்க பள்ளம் விழுந்திருக்கு. பிரேக் இழுத்துப் பிடிக்கிற மாதிரி அந்தப் பள்ளத்துல புஷ் (பின்னைச் சுத்தி இருக்கிற வளையம்) உட்கார்ந்துக்கும். பின், புஷ், கோட்டர் பின் (பின் நழுவாம வளைச்சு விடுற கம்பி) மூணையும் சேர்த்தே மாத்துங்க. பழைய கோட்டர் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீங்க, முறிஞ்சிடும்.

டபிள்யூடி-40 ரெண்டு நாள்தான் நிக்கும். உள்ள இருந்த பழைய கிரீஸைக் கரைச்சு விட்டுட்டுக் காய்ஞ்சு போயிடும். அந்த ஈரத்துல தோட்டத்து ரோட்டுப் புழுதி ஒட்டி, அரைச்ச களிம்பு மாதிரி ஆயிடும். மண்ணெண்ணெயில கழுவித் துடைச்சு, நல்லா உலர்ந்த பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் மெல்லிசா ஒரு பூச்சு போதும். புஷ் நைலானா இருந்தா சிலிக்கான் ஸ்ப்ரே. நிறையப் பூசினா நிறையப் புழுதி, அவ்வளவுதான்.

கிராங்க்பின்:
மேல சொன்ன சோதனைகள் எல்லாம் அவசியம். ஆனா கேள்வியிலேயே ஒரு துப்பு இருக்கு, அதை விட்டுடாதீங்க. த்ரோட்டில் உண்மையிலேயே சிக்கியிருந்தா, கிளட்ச் மிதிச்சதும் சுமை விலகி ரேஸ் எகிறணும். இங்க இறங்குது. அப்படின்னா இன்ஜின் மவுண்டிங்கை, அதாவது இன்ஜினைச் சேஸில தாங்குற ரப்பர் கட்டையைச் சந்தேகப்படுங்க.

விஷயம் இதுதான். பெல் கிராங்க் பாடியில இருக்கு, கார்பரேட்டர் இன்ஜின்ல இருக்கு. முன்னால நின்னு பார்த்தா கிராங்க் ஷாஃப்ட் கடிகாரச் சுற்றுல சுத்துது. அதுக்கு எதிரா இன்ஜின் முழுசும் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். சுமையோட மேடு ஏறும்போது இடது பக்கம், அதாவது நம்ம ஊர் வண்டியில பயணி பக்கம், மேல தூக்கும். மவுண்டிங் ரப்பர் கிழிஞ்சிருந்தா அந்தத் தூக்கல் ராடை இழுத்து த்ரோட்டிலை இன்னும் திறக்கும். திறந்த த்ரோட்டில் இன்ஜினை இன்னும் தூக்கும். கிளட்ச் மிதிச்சதும் இன்ஜின் தன் இடத்துல உட்காரும், த்ரோட்டிலும் மூடும். 1971 டிசம்பர்ல அமெரிக்காவுல ஏறக்குறைய 67 லட்சம் செவர்லே வண்டிகளைத் திரும்ப அழைச்சது இதே கோளாறுக்குத்தான். மவுண்டிங் விட்டுப்போனாலும் இன்ஜின் தூக்காம இருக்க ஒரு கம்பிவடம் கட்டிக் கொடுத்தாங்க.

சோதிக்கிறது எளிது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைங்க, ஹேண்ட் பிரேக் முழுசா, கால் பிரேக்கும் அழுத்தியிருக்கணும். பானெட்டைத் திறந்து, ஒருத்தர் முதல் கியர்ல கிளட்ச்சைக் கொஞ்சமா விட்டு இன்ஜின் திணறுற வரை கொண்டு வரட்டும். பார்க்கிறவர் பக்கவாட்டுல நிக்கணும், வண்டிக்கு முன்னால நிக்கவே கூடாது. பயணி பக்கம் ஒரு அங்குலத்துக்கு மேல எழும்பினா ரப்பர் போயிடுச்சு.

செம்மண்ரோடு:
ராடைக் கழட்டினேன், லீவர் "டக்"னு மூடுது. பின்ல பள்ளம் இல்ல. கிளட்ச் விட்டுப் பார்த்தப்போ பயணி பக்கம் ரெண்டு விரல் அகலத்துக்கு எழும்பிட்டு, விட்டதும் தொப்புனு விழுது. டார்ச் அடிச்சுப் பார்த்தா ரப்பர் இரும்புத் தகட்டை விட்டுப் பிரிஞ்சு, எண்ணெயில ஊறி மாவா இருக்கு. மாத்துறதுக்கு இன்ஜினை இறக்கணுமா?

கிராங்க்பின்:
இறக்க வேண்டாம். பேட்டரி நெகட்டிவைக் கழட்டுங்க. ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில இருக்கிற எண்ணெய்த் தொட்டி) அடியில அகலப் பலகை வெச்சு ஜாக்கால தாங்குங்க. வெறும் ஜாக் வெச்சா சம்ப் நசுங்கி எண்ணெய் உறிஞ்சுற குழாய்ல முட்டும். நட்டுகளைத் தளர்த்தி, மவுண்டிங் வெளிய வர்ற அளவுக்கு மட்டும் தூக்குங்க; தூக்கும்போது ஃபேன் ரேடியேட்டர்ல படுதான்னும், ரேடியேட்டர் ஹோஸ் இழுபடுதான்னும் பார்த்துக்கிட்டே இருங்க. ரெண்டு பக்கமும் புதுசு போடுங்க, ஒரு பக்கம் மட்டும் போட்டா இன்ஜின் சாய்ஞ்சு உட்காரும். இன்ஜின் எடை முழுசும் இறங்கின பிறகுதான் நட்டுகளை இறுக்கணும், முன்னாலேயே இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே இருக்கும். எண்ணெய் எங்கருந்து வந்துச்சுன்னும் பாருங்க. பெரும்பாலும் வால்வு கவர் கேஸ்கெட்தான். அதை அப்படியே விட்டா புது ரப்பரும் ஊறிடும்.

பெங்கல்மேசை:
மவுண்டிங் மாத்தினதும் ராடு நீளத்தைத் திரும்ப வைக்கணும், ஏன்னா இன்ஜின் உயரமே மாறியிருக்கும். இன்ஜின் அணைஞ்ச நிலையில பெடலை ஒருத்தர் தரை வரை அழுத்தட்டும். ஏர் ஃபில்டரை எடுத்துட்டு கார்பரேட்டருக்குள்ள பாருங்க, தட்டு நேர் நிமிர்ந்து நிக்கணும். அதுக்கு மேல ராடு லீவரைத் தள்ளினா ஷாஃப்ட் வளையும், குறைச்சலா இருந்தா மேட்டுல இழுவை கிடைக்காது. பெடலை விட்டதும் ராடுல இம்மி தளர்வு இருக்கணும். இல்லேன்னா ஐடில் ஸ்க்ரூ (பெடல் தொடாதப்போ இன்ஜின் ஓடுற வேகத்தை வைக்கிற திருகு) இருந்தும் பயனில்ல, ராடுதான் ஐடிலைத் தாங்கிக்கிட்டு இருக்கும். லாக் நட்டை இறுக்கும்போது ராடு சேர்ந்து திரும்பாம இன்னொரு ஸ்பேனரால பிடிச்சுக்குங்க.

ரிட்டர்ன் ஸ்பிரிங்கையும் மாத்திடுங்க. சும்மா இருக்கிறப்ப சுருள்களுக்கு நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா அது தளர்ந்த ஸ்பிரிங். முரட்டு ஸ்பிரிங் ஒண்ணு போடுறதை விட மெல்லிசா ரெண்டு போடுங்க, ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு மூடும். முரட்டு ஸ்பிரிங் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டுல இழுத்து கார்பரேட்டர் ஓட்டையைத் தேய்ச்சுடும், அப்புறம் அந்த வழியா காற்று கசியும்.

புது மவுண்டிங் வர்ற வரை மூட்டை ஏத்தாதீங்க தம்பி. ஓட்டும்போது எப்பவாவது பிடிச்சுக்கிட்டா கிளட்ச், நியூட்ரல், பிரேக்கை ஒரே அழுத்தா அழுத்திப் பிடிங்க. விட்டு விட்டு அழுத்தினா சர்வோவுல (பிரேக்கை லேசாக்குற பாகம்) இருக்கிற வேக்குவம் தீர்ந்து பிரேக் கல்லா இறுகிடும். இன்ஜினை அணைக்க சாவியை ஒரு படி மட்டும் திருப்புங்க. முழுசாத் திருப்பி உருவினா ஸ்டியரிங் பூட்டிக்கும்.

செம்மண்ரோடு:
சரிங்கண்ணே. மவுண்டிங் ரெண்டு, வால்வு கவர் கேஸ்கெட், ஸ்பிரிங் ரெண்டு எழுதி வெச்சிருக்கேன். வண்டி ஷெட்லயே நிக்குது.