லிஸனரை நீக்கியும் நீங்கவில்லை: செயற்கூறுக்குப் பெயர் வைத்தால் சரியாகுமா?

கேள்வி

வணக்கம். ஜாவாஸ்கிரிப்டில் நான் எழுதும் பக்கம் ஒன்றில், பதிவுப் படிவம் ஒரு சிறு சாளரமாகத் திறக்கிறது. திறக்கும்போது சேமிப்புப் பொத்தானுக்கு ஆட்ஈவென்ட்லிஸனர் வழியாக, அழுத்தினால் இயங்கும் லிஸனராகப் பெயரற்ற செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றை இணைக்கிறேன். மூடும்போது அதே செயற்கூறை ஓர் எழுத்தும் பிசகாமல் மறுபடி எழுதி, இணைப்பை நீக்கும் ரிமூவ்ஈவென்ட்லிஸனருக்குக் கொடுக்கிறேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் சாளரத்தை மூன்றாம் முறை திறந்து சேமித்தால் ஒரே பதிவு மூன்று தடவை சேமிக்கப்படுகிறது. செயற்கூறுக்குப் பெயர் வைத்தால் இது தீரும் என்று படித்தேன். பெயர் என்பது வாசிப்பவரின் வசதிக்காக என்றே இதுவரை எண்ணியிருந்தேன். அப்படியானால் எல்லாச் செயற்கூறுகளுக்கும் பெயர் வைத்தே எழுத வேண்டுமா?

மறுமொழி 1

நீங்கள் ஒரே செயற்கூறை இரண்டு முறை கொடுப்பதாக நினைக்கிறீர்கள். உண்மையில் இரண்டு வெவ்வேறு செயற்கூறுகளைக் கொடுக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் செயற்கூறும் ஒரு பொருள்தான். அதை எழுதிய வரி இயங்கும் ஒவ்வொரு தடவையும் புதிய பொருள் ஒன்று உருவாகிறது. ரிமூவ்ஈவென்ட்லிஸனர் எழுத்துகளை ஒப்பிடுவதில்லை. முன்பு இணைத்த அதே பொருள் வந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எதுவும் சொல்லாமல் திரும்பிவிடுகிறது. பிழைச்செய்தி வராததன் காரணம் இதுவே.

ஆகவே, பெயர் வைத்தாலே போதும் என்று நீங்கள் படித்தது பாதி உண்மைதான். பெயருள்ள செயற்கூறையும் சாளரத்தைத் திறக்கும் செயற்கூறுக்கு உள்ளேயே எழுதினீர்களானால், ஒவ்வொரு திறப்பிலும் அது புதிதாகப் பிறக்கும். பழைய கோளாறு அப்படியே இருக்கும். அதை வெளியே ஒரே இடத்தில் எழுதி, இணைக்கவும் நீக்கவும் அந்தப் பெயரையே பயன்படுத்துங்கள். அப்படிச் செய்தபின், நீக்க மறந்தாலும் பதிவு மும்மடங்காகாது. ஒரே செயற்கூறை ஒரே பொத்தானில் ஒரே நிகழ்வுக்கு அதே அமைப்புடன் மீண்டும் இணைத்தால் பிரவுசர் அதைப் பொருட்படுத்துவதில்லை. செயற்கூறு எந்தப் பொருளின் சார்பில் இயங்க வேண்டும் என்று நிலைநிறுத்தும் பைண்ட்டைப் பயன்படுத்துகிறீர்களா என்பதையும் பாருங்கள்: அதுவும் ஒவ்வொரு அழைப்பிலும் புதிய செயற்கூறையே தருகிறது.

மறுமொழி 2

மேலே சொன்னது சரி. ஆனால் பெயர் வாசிப்பவருக்கு மட்டுமே பயன்படுகிறது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. நிரல் எங்கோ ஆழத்தில் முறியும்போது ஸ்டாக் டிரேஸில் (முறிந்த இடம்வரை வந்த அழைப்புகளின் பட்டியலில்) வரிசையாக அனானிமஸ் (பெயரற்றது) என்றே வந்தால், எந்த அழைப்பு எதிலிருந்து வந்தது என்று வரி எண்களைப் பிடித்துக்கொண்டு தேட வேண்டியிருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் 2015 பதிப்பிலிருந்து, பெயரற்ற செயற்கூறை ஒரு மாறியில் வைத்தால் மாறியின் பெயரே அதன் நேம் பண்பில் அமர்ந்துவிடுகிறது. வேறொரு செயற்கூறுக்கு நேரடியாக உள்ளீடாகக் கொடுப்பதற்கு இந்தச் சலுகை இல்லை. ஏற்கெனவே உள்ள பொருளின் பண்பு ஒன்றில் புள்ளியிட்டு ஒதுக்கினாலும் நேம் வெறுமையாகவே இருக்கும். இது பலரும் கவனிக்காத இடம்.

தன்னைத் தானே அழைக்கும் செயற்கூறுக்கும் பெயர் தேவை. முன்பு, இயங்கிக்கொண்டிருக்கும் செயற்கூறையே சுட்டும் ஆர்குமென்ட்ஸ்.காலீ என்பதைக் கொண்டு சமாளித்தார்கள். 2009 பதிப்பு ஸ்ட்ரிக்ட் எனும் கண்டிப்பான முறையில் அதைத் தடை செய்துவிட்டது. உள்ளீடாகக் கொடுக்கும் இடத்திலேயே செயற்கூறுக்குப் பெயர் வைக்கலாம். அந்தப் பெயர் அதன் உடலுக்குள் மட்டுமே தெரியும், வெளியில் உள்ள பெயர்களுடன் மோதாது.

மறுமொழி 3

எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், வேண்டாம் என்பதே. ஒரு பட்டியலை வரிசைப்படுத்த இரண்டு எண்களைக் கழித்துத் தரும் ஒரு வரி ஏரோ ஃபங்ஷனுக்கு (அம்புக்குறியிட்டுச் சுருக்கமாக எழுதும் செயற்கூறுக்கு) பெயர் வைத்து வேறிடத்தில் ஒதுக்கினால், அதைத் தேடிப் போய்த்தான் வாசிக்க வேண்டும். எழுதிய இடத்திலேயே முழுப் பொருளும் விளங்குமானால் பெயரற்றதாகவே இருக்கட்டும். பின்னால் அதை நீக்கவோ சோதிக்கவோ மீண்டும் அழைக்கவோ வேண்டியிருந்தால்தான் வெளியே எடுப்பேன்.

வெளியே எடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஏரோ ஃபங்ஷனுக்குச் சொந்தமாகத் திஸ் (செயற்கூறு எந்தப் பொருளின் சார்பில் இயங்குகிறது என்பதைக் குறிக்கும் சொல்) கிடையாது. சூழ்ந்திருக்கும் செயற்கூறின் திஸ்ஸையே அது எடுத்துக்கொள்ளும். அதையே சாதாரணச் செயற்கூறாக மாற்றி லிஸனராக இணைத்தால், திஸ் என்பது அந்தப் பொத்தானைக் குறிக்கும். உள்ளே திஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. செயற்கூறை வெளியே எடுத்தவுடன், மறுமொழி 3 எச்சரித்தபடியே, படிவத்தின் மதிப்புகள் கிடைக்காமல் போயின. பைண்ட் சேர்த்தேன், பதிவு மறுபடி மூன்று தடவை போனது. இப்போது பைண்ட் தரும் செயற்கூறைப் படிவம் உருவாகும்போது ஒரே ஒரு முறை மாறியில் வைத்துக்கொண்டு, இணைக்கவும் நீக்கவும் அந்த மாறியையே கொடுக்கிறேன். பத்து முறை திறந்து மூடிப் பார்த்தேன். பதிவு ஒரு தடவைதான் சேமிக்கப்படுகிறது.