டேங்க்குக்குள் கடல் மணலா? யார் கொடுத்த வைத்தியம் இது?

உச்சிப்புளி ஸ்பானர்:
கீழக்கரைத் தம்பி ஒருவர் சவுதியில் இருந்து ஊர் திரும்பியிருக்கிறார். போகும்போது கொல்லையில் தார்ப்பாய் போட்டு நிறுத்திய ஸ்ப்ளெண்டர் பைக், கார்புரேட்டர் மாடல். டேங்க்குக்குள் டார்ச் அடித்தால் ஒரே துரு. ஓட வைக்க வழி கேட்டார். அதற்கு மண்டபத்தான் என்கிற மேதை நேற்று கொடுத்த வைத்தியத்தைப் படியுங்கள்: "கடற்கரை மணல் ஒரு படி டேங்க்கில் போடு, வினிகர் ஊற்று, குலுக்கு. நுரை பொங்கினால் துரு கரைகிறது என்று அர்த்தம். கொட்டிவிட்டு பெட்ரோல் போட்டு உதை, ஓடும்."

கடல் மணலாம்! அந்த டேங்க் துருப்பிடித்ததே கடலால்தான் ஐயா. உப்புக்காற்று செய்த வேலை போதாதென்று உப்பை உள்ளேயே அள்ளிப் போடச் சொல்கிறீர்கள். உப்பு ஒட்டிய தகடு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்று பளபளக்கும், வாடைக்காற்று திரும்புவதற்குள் பழையபடி சிவந்துவிடும். இதற்கு லைக் போட்டவர்கள் முதலில் சொந்த வண்டியில் செய்து பாருங்கள்.

மண்டபத்தான்:
வாங்க ஸ்பானர். கடையில் வேலை குறைந்துவிடுமோ என்ற கவலை புரிகிறது. மணலைக் கழுவித்தான் போட வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நல்ல தண்ணீரில் நாலு அலசு அலசினால் உப்பு எங்கே இருக்கும்? விசைப்படகு இன்ஜினையே இறக்கி ஏற்றியவன் நான், எனக்கு டேங்க் கழுவப் பாடம் எடுக்கிறீர்களா? நுரை வந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

உச்சிப்புளி ஸ்பானர்:
"கழுவிய மணல்" என்றா எழுதினீர்கள்? நேற்று எழுதியது "கடற்கரை மணல்". இன்று திடீரென்று குளித்துவிட்டு வந்திருக்கிறது.

மண்டபத்தான்:
மீன் குழம்பு வை என்றால் மீனைக் கழுவு என்று தனியாகச் சொல்வார்களா? மணல் என்றால் கழுவிய மணல்தான். நுரையைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை?

பரமக்குடி வாத்தி:
நுரையைப் பற்றி நான் சொல்கிறேன். நம் கடற்கரை மணலில் சிப்பியும் சங்கும் பவளமும் உடைந்த தூள் கலந்திருக்கும். அது கால்சியம் கார்பனேட். வினிகரில் இருப்பது அசிட்டிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். நீங்கள் பார்த்த நுரை அதுதான். துரு வினிகரில் அப்படிப் பொங்காது, மணிக்கணக்கில் ஊறித்தான் இளகும். ஆக, நீங்கள் ஊற்றிய வினிகரில் பாதியைச் சிப்பித்தூளே தின்றுவிட்டது. மணலே போடாமல் ஒரு ராத்திரி ஊறவிட்டிருந்தால் இதைவிட நன்றாக வந்திருக்கும்.

மண்டபத்தான்:
பரமக்குடியில் ஏது சார் கடல்? வைகையில் தண்ணீர் வந்தாலே உங்களுக்குச் செய்தி. கடல் மணலைப் பற்றி எங்களிடம் பேசுகிறீர்கள்.

பரமக்குடி வாத்தி:
மாவட்டம் ஒன்றுதானே, உங்கள் வண்டி நம்பரிலும் TN 65, என் வண்டி நம்பரிலும் TN 65. கார்பனேட் ஊர் பார்த்து நுரைக்காது.

கீழக்கரை காக்கா:
அண்ணன்மாரே, வண்டி என்னுடையதுதான். டேங்க் இருக்கட்டும். முன் பிரேக் லிவர் அசையவே மாட்டேன் என்கிறது. கிக்கரும் பாதியில் நின்றுவிடுகிறது. ஓங்கி உதைக்கலாமா?

தம்மாம் ரைடர்:
ரொம்ப நாள் நின்ற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது ஃப்யூவல் பம்ப். அப்புறம் இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டில் ஊற்றுங்கள். நான் இங்கே அப்படித்தான் செய்கிறேன்.

உச்சிப்புளி ஸ்பானர்:
தம்மாம் தம்பி, கார்புரேட்டர் மாடல் என்று மேலேயே எழுதியிருக்கிறது. இல்லாத பம்ப்பை எங்கே போய்ப் பார்ப்பது?

கீழக்கரை காக்கா, தயவுசெய்து உதைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் பிளக்கைப் போடாமலே டாப் கியரில் வைத்து, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். இளகினால் சரி. இளகாவிட்டால் இன்னும் ஆயில், இன்னும் பொறுமை. ஒட்டிக்கொண்ட பிஸ்டன் ரிங்கோடு ஓங்கி உதைத்தால் போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், கீறிவிடும், செலவு எங்கேயோ போய்விடும். ஓட்டும் முன் பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள், நின்ற ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும்.

டேங்க்குக்கு பழைய நட்டு போல்ட்டு, இல்லையென்றால் துண்டுபோட்ட செயின். எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கலாம், மிச்சம் நின்றால் காந்தத்தை விட்டுத் துழாவலாம். மணலை எந்தக் காந்தத்தால் எடுப்பீர்கள்? வினிகரைக் கொட்டியதும் ஆப்பசோடா கரைத்து ஒரு கழுவு, நல்ல தண்ணீர், உடனே வெயிலில் உலர்த்தல், கொஞ்சம் ஆயிலை விட்டு உள்ளே எல்லாப் பக்கமும் படியச் சுழற்றல். ஈரத்தோடு விட்டால் மறுநாளே மஞ்சள் பூத்துவிடும். இப்போது பங்கில் வருகிற பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம், அதுவே ஈரத்தை உறிஞ்சும் சரக்கு.

மண்டபத்தான்:
இவ்வளவு நீளமாக எழுதினால் மணல் தப்பு என்று ஆகிவிடாது. மணலை எந்தக் காந்தத்தால் எடுப்பீர்கள் என்று கேட்கிறார். கவிழ்த்தால் கொட்டிவிடும். மணல் கொட்டும், அதுதான் மணல்.

உச்சிப்புளி ஸ்பானர்:
கொட்டாது. ஃப்ரேமை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் இறங்குகிற டேங்க் அது. அந்த மூலைகளில் ஈரமணல் அப்பிக்கொள்ளும். இப்படி மணல் போட்ட வண்டி ஒன்று தங்கச்சிமடத்தில் இருந்து என்னிடம் தள்ளிக்கொண்டு வரப்பட்டது. பெட்ரோல் டேப்பைக் கழற்றினால் வலைக்குழாயைச் சுற்றிச் சேறு, வலை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்து விரலை வைத்தால் நறநறவென்று மணல். ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் பொடி ஓட்டை, பைலட் ஜெட், அதுவும் அடைப்பு. ஐடிலிங் நிற்கவே இல்லை, சோக் போட்டால்தான் உயிர். அதைச் சுத்தம் செய்ய ஆன நேரத்தில் வேறு இரண்டு வண்டி முடித்திருப்பேன்.

மண்டபத்தான்:
யார் வண்டி? எந்த மணல்? கழுவினாரா கழுவவில்லையா? கேட்டீர்களா?

உச்சிப்புளி ஸ்பானர்:
மணலிடமே கேட்டேன், பதில் சொல்லவில்லை.

தொண்டி துடுப்பு:
இருவருமே "ஓடும்" என்கிறீர்கள். எதை ஓடும் என்கிறீர்கள்? இன்ஜின் ஸ்டார்ட் ஆவதா, பாம்பன் பாலத்தில் காற்றடிக்கும்போது பிரேக் பிடித்து நிற்பதா? டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 1415 என்றால் 2015ஆம் வருஷம் 14ஆவது வாரம் செய்தது. அவ்வளவு பழையதென்றால் டயரின் பட்டன் தேயாமல் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும், ரப்பர் வெடித்திருக்கும். இன்சூரன்ஸ் இல்லாமல் தெருமுனைக்குக்கூட எடுக்கக்கூடாது. ஆர்சியில் 15 வருஷம் முடிந்திருந்தால் ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரி வேறு. முதலில் இதைப் பேசுங்கள்.

மண்டபத்தான்:
டயரைப் பற்றி யார் கேட்டார்கள்? மணலைப் பற்றிப் பேச்சு நடக்கிறது, குறுக்கே வராதீர்கள்.

கீழக்கரை காக்கா:
பிரேக்கைப் பற்றி நான்தான் கேட்டேன்.

மண்டபத்தான்:
இருங்க காக்கா, வருகிறேன். ஸ்பானருக்கு என்மேல் இன்று நேற்று வந்த கோபம் இல்லை. போன மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடந்தபோது என் மச்சினன் இவரிடம் எக்ஸெல் மொபெட் ஒன்றை சர்வீசுக்கு விட்டான். ஏப்ரல் 15க்கு விட்டது ஜூன் 14 தாண்டியும் வரவில்லை. அதைக் கேட்டதில் இருந்துதான் நான் எதை எழுதினாலும் தப்பு.

உச்சிப்புளி ஸ்பானர்:
உங்கள் மச்சினன் கிளட்ச் ஷூவுக்குக் காசு கொடுக்க வந்தாரா? அதையும் இங்கேயே எழுதுங்கள், எல்லோரும் படிக்கட்டும்.

பரமக்குடி வாத்தி:
காக்கா, டிரம் பிரேக் என்றால் முன் சக்கரத்தைக் கழற்றிப் பிளேட்டைப் பிரியுங்கள். ஷூவை விரிக்கும் கேம் துருப்பிடித்து இறுகியிருக்கும். அதை வெளியே எடுத்து எமரி தாளில் தேய்த்து, லேசாக கிரீஸ் வைத்துப் போடுங்கள். ஷூவில் கிரீஸ் படக்கூடாது. கேபிளைப் புதிதாகவே வாங்கிவிடுங்கள், உள்கம்பி துருப்பிடித்திருந்தால் நம்பவே கூடாது.

மண்டபத்தான்:
வாத்தி இப்போது மெக்கானிக்காகவும் ஆகிவிட்டார்! சார், ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிப்பி இல்லாத மணல் எடுத்தால்? அரிச்சல்முனைப் பக்கம் போனால் மாவு போல மணல் கிடக்கிறது. அதில் என்ன சொல்வீர்கள்?

பரமக்குடி வாத்தி:
அதிலேயே ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டு வினிகர் ஊற்றுங்கள். டேங்க்கும் வேண்டாம், துருவும் வேண்டாம். அப்போதும் நுரைத்தால் அந்த நுரை எங்கிருந்து வந்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

மண்டபத்தான்:
டம்ளரில் எதற்குப் போட வேண்டும்? டம்ளர் என்ன துருவா பிடித்திருக்கிறது? டேங்க்கில் நுரை வந்தது, அதைப் பற்றிப் பேசுங்கள்.

தம்மாம் ரைடர்:
டேங்க்கே புதிதாக வாங்கிவிடலாமே?

உச்சிப்புளி ஸ்பானர்:
தம்மாமில் வாங்கி அனுப்புங்கள் தம்பி, பம்ப்போடு சேர்த்து.

மண்டபத்தான்:
பாருங்கள், கடைக்காரர் புது டேங்க்குக்கு அடிபோடுகிறார். நான் முதலிலேயே சொன்னேன். கிளட்ச் ஷூ கணக்கை நாளைக்கு மச்சினனையே வந்து எழுதச் சொல்கிறேன், ரசீதோடு.