புதுப்பிப்பு: அம்பத்தூர் தம்பியும் மாற்கு சுவிசேஷமும்

புதுசா ஞானஸ்நானம் எடுத்த தம்பி, அம்பத்தூர் எஸ்டேட்ல ஷிப்ட் வேலை, ஞாயிறு ஆராதனைக்கு வர முடியல, விசுவாசத்துல வளர எப்படி உதவலாம்னு கேட்டிருந்தேன். பாதிப் பேர் சீஷத்துவப் பாடப் புத்தகம் (இயேசுவைப் பின்பற்றி வாழக் கத்துக் குடுக்கிறது) வாங்கச் சொன்னீங்க. வாங்கல. வேதத்துல இயேசுவோட வாழ்க்கையைச் சொல்ற மாற்கு சுவிசேஷத்தையே எடுத்துக்கிட்டோம். 16 அதிகாரம்தான், நாலு சுவிசேஷத்துலயும் சின்னது. ஷிப்ட் முடிஞ்சதும் டீக்கடை பெஞ்சுல அவர் வாசிப்பார், நான் பிரசங்கம் பண்ணாம இருக்கணும். (அதுதான் கஷ்டம்.)

2-ஆம் அதிகாரத்துல, நடக்க முடியாத திமிர்வாதக்காரனை இயேசு இருந்த வீட்டுக் கூரையைப் பிரிச்சு அவர் முன்னாடி இறக்குறாங்க இல்லையா? "அண்ணே, அந்தக் கூரையை அப்புறம் யாரு சரி பண்ணிக் குடுத்தா?"ன்னார் தம்பி. வேதத்துல அது இல்ல. ஆனா அடுத்த லீவுல, கூட வேலை பார்க்கிறவரோட ரூம்ல ஒழுகிட்டிருந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மாத்திக் குடுத்துட்டு வந்திருக்கார். நான் சொல்லிக் குடுத்ததில்ல இது.

இப்போ அந்த நண்பரும் பெஞ்சுக்கு வர்றார். கேட்டதை மத்தவங்களுக்குப் போதிக்கிறவங்ககிட்ட ஒப்புவின்னு பவுல் எழுதினாரே, 2 தீமோத்தேயு 2:2, அதை நம்பி வாசிப்பைத் தம்பி கையிலயே விட்டாச்சு. ஞானஸ்நானம் எடுத்ததுல தம்பியோட அம்மாவுக்கு வந்த கோபம் இன்னும் தீரல. அதுல யாரும் அவசரப்படல. ஷிப்ட் மாறல, ஞாயிறும் அப்படியேதான்.