சென்சார் அணைந்த பின்னும் உள்ளீட்டு மாட்யூலின் விளக்கு மங்கலாக எரிவது ஏன்?

கேட்டவர்: எங்கள் ஆலையின் பேக்கிங் கன்வேயரில் பழுதான மூன்று கம்பி பிராக்சிமிட்டி சென்சாருக்கு (உலோகம் அருகே வந்தால் உணர்வது) பதிலாக, ஸ்டோரில் கையிருப்பில் இருந்த இரண்டு கம்பி சென்சாரைச் சென்ற வாரம் பொருத்தினேன். அன்றிலிருந்து, எதிரில் உலோகம் இல்லாதபோதும் பி.எல்.சி.யின் (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) 24 வோல்ட் டி.சி. உள்ளீட்டு மாட்யூலில் அந்தச் சேனலின் பச்சை விளக்கு முழுவதும் அணைவதில்லை. பேனல் கதவைப் பாதி சாத்தி நிழலில் பார்த்தால் மட்டுமே தெரியும் அளவுக்கு மங்கலாக எரிகிறது. இரவு ஷிப்டில் இருமுறை, பெட்டி எதுவும் வராமலேயே எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தது. மாட்யூலின் பொது நிலை விளக்கில் எந்தக் குறையும் காட்டவில்லை. மாட்யூலை மாற்ற வேண்டுமா?

பதில் 1: மாட்யூலின் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாக உள்ளே கடத்தும் பாகம்) போயிருக்கும். மாற்றிவிடுங்கள்.

பதில் 2: அதற்குள் மாற்ற வேண்டாம். சென்சார் கம்பியைக் கழற்றினால் விளக்கு அணைகிறதா? பொருத்திய நிலையில் உள்ளீட்டு முனைக்கும் 0 வோல்ட்டுக்கும் இடையே எவ்வளவு காட்டுகிறது?

கேட்டவர்: கழற்றினால் முற்றிலும் அணைகிறது. பொருத்தினால் 7.2 வோல்ட்; உலோகத்தைக் காட்டினால் 19.5 வோல்ட். மாட்யூலின் கையேட்டில் உள்ளீடு வகை 1, உள்ளீட்டு மின்தடை 6 கிலோ ஓம் என்று இருக்கிறது.

பதில் 2: அப்படியானால் மாட்யூல் நன்றாகவே இருக்கிறது. இரண்டு கம்பி சென்சார் தன் உள் சுற்றை இயக்குவதற்கான மின்சாரத்தையும் அதே கம்பி வழியாகத்தான் எடுக்க வேண்டும் என்பதால், அணைந்த நிலையிலும் சிறிது கசியும். உங்கள் அளவுகளின்படி அது 7.2 வோல்ட் ÷ 6 கிலோ ஓம் = 1.2 மில்லியாம்பியர், இத்தகைய சென்சாருக்கான தரநிலை அனுமதிப்பதோ 1.5 வரை. ஆனால் பி.எல்.சி.களுக்கான ஐ.இ.சி. 61131-2 என்ற சர்வதேசத் தரநிலைப்படி வகை 1 உள்ளீட்டில் 5 வோல்ட் வரை 0 (அணைந்த நிலை), 15 வோல்ட் முதல் 1 (இயங்கும் நிலை), உங்கள் 7.2 இரண்டுக்கும் நடுவில் நிற்பதால், சிறிது இரைச்சல் சேர்ந்தாலும் மாட்யூல் அதை 1 என்று படித்துவிடக்கூடும். விளக்கு மங்கலாக எரிவதைப் பார்த்தால், அது ஆப்டோகப்ளருக்கு முன்னால், சென்சார் பக்கத்துச் சுற்றிலேயே அமைந்திருக்க வேண்டும். அத்தகைய விளக்கு, கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. புரோகிராம் என்ன படித்தது என்பதை மானிட்டரில்தான் பார்க்க வேண்டும். உள்ளீட்டு முனைக்கும் 0 வோல்ட்டுக்கும் இடையே 3.3 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றை இணையுங்கள். கசியும் மின்சாரம் அதன் வழியாகவும் பிரிந்து போவதால், மின்னழுத்தம் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். மூன்று கம்பி சென்சார் கிடைத்தால் அதுவே மேல்.

கேட்டவர்: இணைத்துவிட்டேன். இப்போது 2.6 வோல்ட், நிழலிலும் விளக்கு தெரியவில்லை, மூன்று ஷிப்டுகளாக எண்ணிக்கையும் சரியாக இருக்கிறது. மூன்று கம்பி சென்சாருக்கு இன்டென்ட் போட்டிருக்கிறேன். அது வரும்வரை ரெசிஸ்டர் இருப்பதைப் பேனல் கதவின் உட்புறம் எழுதி ஒட்டியுள்ளேன். நன்றி, ஐயா.