இந்த வைபர்னம் புதர் எந்த இனம்? சொல்லுங்களேன்

வணக்கம். ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்திருக்கும் ஒரு அலங்காரப் புதரை அடையாளம் காண உதவி வேண்டும். இலைகள் எதிரெதிராக, மூன்று மடல்களோடு, மேப்பிள் இலை மாதிரி இருக்கின்றன. வசந்தத்தில் தட்டையான வெள்ளைப் பூங்கொத்துகள் வந்தன. ஓரத்தில் பெரிய பூக்கள், நடுவில் பொடிப் பூக்கள். இப்போது பளபளக்கும் சிவப்புப் பழங்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குகின்றன.

பழத்தைப் பார்த்துவிட்டு கிரான்பெரி என்று சொல்லிவிடாதீர்கள்! அது தரையோடு படரும் சிறு செடி, பழத்துக்குள் பல பொடி விதைகள் இருக்கும். இதை நசுக்கினால் ஒரே ஒரு தட்டை விதைதான். ஆக, வைபர்னம்தான்.

ஆனால் வைபர்னத்தில் ஐரோப்பிய இனமான ஓபுலஸா, அமெரிக்க இனமான டிரைலோபமா? (இரண்டும் ஒரே இனம்தான் என்பவர்களும் உண்டு, அது தனித் தலைவலி.) இலைக்காம்பில், இலை தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே உள்ள சுரப்பிகளைத்தான் பார்க்க வேண்டுமாம். ஓபுலஸில் அவை நடுவில் குழிந்த பெரிய வட்டுகள். டிரைலோபத்தில் சிறியவை, உச்சி உருண்டவை, பெரும்பாலும் குட்டிக் காம்போடு நிற்பவை. இந்தப் புதரில் சில குழிந்தும் சில தட்டையாகவும் இருக்கின்றன. கலப்பினமாக இருக்குமோ?

ஜாம் செய்யும் ஆசையில்தான் கேட்கிறேன். டிரைலோபம் அதற்கு ஏற்றது, ஓபுலஸ் பழம் பெரும்பாலும் கசக்கும். உறுதியாகும் வரை வாயில் வைக்கப் போவதில்லை.

காம்பின் நெருக்கமான படம் இணைத்திருக்கிறேன். வேறு எந்தப் பகுதியைப் படமெடுத்துப் போட்டால் முடிவு சொல்ல முடியும்?