பெடார்ஃப்ஸ்பிரீஃப்: தேவை உறையா, புழக்க உறையா?

ஞாயிறு இரவு, மதுரையிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு,

இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய ஜெர்மன் அஞ்சல் வரலாற்றுச் சொற்பட்டியலில் ஒரே ஒரு சொல் மூன்று வாரமாக வழிமறித்துக்கொண்டு நிற்கிறது. ஜெர்மன்காரர்கள் ‘பெடார்ஃப்ஸ்பிரீஃப்’ என்கிறார்கள். ‘பெடார்ஃப்’ என்றால் தேவை, ‘பிரீஃப்’ என்றால் கடிதம். யாரோ ஒருவருக்கு யாரிடமோ சொல்ல வேண்டிய சேதி இருந்தது, அதனால் அஞ்சலில் போட்ட கடிதம். சேகரிப்பவர் தன் ஆல்பத்துக்காகத் தானே அஞ்சல்தலை ஒட்டித் தனக்கே அனுப்பிக்கொண்டது இதில் சேராது.

இந்த வேறுபாடு ஏன் இத்தனை முக்கியம் என்றால், 1923. ஜெர்மனியில் பணமதிப்பு நாளுக்கு நாள் சரிந்த ஆண்டு. நவம்பர் 1 அன்று வெளியூர்க் கடிதத்துக்கு 10 கோடி மார்க். 5ஆம் தேதி 100 கோடி. 12ஆம் தேதி 1,000 கோடி. 20ஆம் தேதி 2,000 கோடி. 26ஆம் தேதி 8,000 கோடி. டிசம்பர் 1 முதல் புதுக் கணக்கில் 10 ரென்டன்ஃபெனிக், அதாவது பழைய காசில் 10,000 கோடி. அச்சடித்த தலை விற்பனைக்கு வருவதற்குள் செல்லாக்காசாகிவிடும். கடைசியில் மூட்டை மூட்டையாக மிஞ்சிய தலைகளுக்கு இன்றும் பெரிய விலை கிடையாது. ஆனால் அந்தச் சில நாட்களுக்குள் உண்மையாகவே கடிதத்தில் ஒட்டப்பட்டுப் போய்ச் சேர்ந்த தலைக்குப் பல மடங்கு விலை. பொதுவாகப் புதிய தலையைவிடக் குத்துப்பட்ட தலைக்கு மவுசு அதிகம் என்றால் ஆச்சரியப்படுவோம். இங்கே அதுதான் வழக்கம். அதனால்தான் மிஞ்சிய தலையில் பிற்பாடு கள்ள முத்திரை குத்தி விற்கும் கூட்டம் கிளம்பியது. அதைப் பிடிக்க, முத்திரை அசலா என்று சோதித்துச் சொல்லும் தேர்வாளர்கள் வந்தார்கள்.

என்னிடம் இருக்கும் ஓர் உறையைச் சொல்கிறேன். லைப்சிக், 21.11.23. ஆயிரம் கோடி மார்க் தலை இரண்டு, ஒன்று கோணலாக. கணக்குச் சரி: 2,000 கோடி. மேல் ஓரம் கத்தியால் அறுக்கப்படவில்லை; விரலை விட்டுக் கிழித்திருக்கிறார்கள், அவசரம் தெரிகிறது. இடது பக்கம் கோப்பில் கோர்க்கப் போட்ட இரண்டு ஓட்டை. அதில் ஒன்று அனுப்பியவரின் ஊர்ப்பெயரைத் தின்றுவிட்டது. விற்றவர் இந்த ஓட்டைக்காக விலையைக் குறைத்தார். எனக்கோ அந்த ஓட்டைதான் சாட்சி. ஏதோ ஓர் அலுவலகத்தில் யாரோ இதைப் படித்து, வேலையை முடித்து, கோப்பில் போட்டிருக்கிறார்.

இப்போது சொல் வேண்டும். ‘பயன்படுத்திய உறை’ சரிவராது. ஆல்பத்துக்காக அனுப்பியதும் பயன்படுத்தியதுதான். ‘வணிக உறை’ என்றால் அம்மா மகனுக்கு எழுதியது எங்கே போகும்? ‘மெய்யுறை’ என்று வைக்கலாமா?

*

திங்கள் காலை, திருநெல்வேலியிலிருந்து

தம்பி,

முப்பத்து நாலு வருஷம் அஞ்சல் பிரிப்பில் இருந்தவன் சொல்கிறேன். கையுறை கையில் போடுவது, காலுறை காலில் போடுவது, மெய்யுறை மெய்யில் போடுவது. சட்டையென்று நினைத்துவிடுவார்கள்.

விளையாட்டு இருக்கட்டும். ‘மெய்’ என்று வைத்தால் மற்றது பொய் என்று ஆகிவிடும். ஒருவன் ஆசைப்பட்டு, காசு கொடுத்துத் தலை வாங்கி, முத்திரை வாங்கி, தபாலில் அனுப்பினால் அது பொய்யா? எங்கள் கவுண்டரிலும் புதுத் தலை வெளியாகும்போது முதல் நாள் முத்திரைக்கு வருவார்கள். “சார், மூலையில படாம, பேரு தெளிவாத் தெரியுற மாதிரி குத்துங்க” என்பார்கள். அதுவும் அஞ்சல்தான். கள்ள முத்திரை வேறு, ஆசை முத்திரை வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள்.

*

திங்கள் இரவு, டோர்ட்மன்டிலிருந்து

வணக்கம்.

இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கிழவர்கள் கடித உறைகளைச் சப்பாத்துப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்துக் காட்டி ‘பெடார்ஃப்’ என்று ஒற்றைச் சொல்லில்தான் கதைப்பார்கள். ஆகவே நேரே ‘தேவை உறை’ என்று மொழிபெயர்த்தால் போதாதா என்று முதலில் நினைத்தேன். பிறகு மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். “தேவை உறை என்றால் உறை தேவை என்று அர்த்தமா?” என்று கேட்டாள். விட்டுவிட்டேன்.

இரண்டு விடயம் கவனிக்க வேண்டும். ஒன்று, 1923இல் முத்திரை தட்டுப்பாடானபோது தபாற்கந்தோரில் காசை வாங்கிக்கொண்டு ‘கட்டணம் செலுத்தப்பட்டது’ என்று குத்தி அனுப்பினார்கள். அந்த உறைகளில் முத்திரையே இல்லை. ஆகவே சொல் முத்திரையைப் பற்றியதாக இருக்கக்கூடாது. (நான் முத்திரை என்பது நீங்கள் அஞ்சல்தலை என்பது. யாழ்ப்பாணத்தில் அப்படித்தான். மேலே ஐயா ‘ஆசை முத்திரை’ என்று எழுதியதை வாசித்து இரண்டு நிமிடம் குழம்பிப்போனேன்.)

மற்றது, தபாலட்டை. அதற்கு உறை கிடையாது. ‘பெடார்ஃப்’ அட்டைக்கும் பொதிக்கும் பொருந்தும். முன்னால் நிற்கும் சொல்லைத்தான் தேட வேண்டும், ‘உறை’ பிறகு தானாக வரும்.

*

செவ்வாய் காலை, தஞ்சாவூரிலிருந்து

எங்கள் வீட்டில் இரண்டு வகைப் பித்தளை உண்டு. ஒன்று பரண்மேல் இருக்கும், தை மாதம் புளி போட்டுத் தேய்த்து மறுபடி ஏறிவிடும். இன்னொன்று அடுப்படியில் அடிபட்டு, நசுங்கி, விளிம்பு தேய்ந்திருக்கும். அதை அம்மா ‘புழங்குற பாத்திரம்’ என்பார். நீங்கள் சொன்ன ஓட்டை விழுந்த லைப்சிக் உறை இந்த இரண்டாவது சாதி.

‘புழங்கு உறை’ என்று வைக்கலாம். ஆனால் நான் இலக்கணம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவள், சேர்த்து எழுதிப் பார்த்துவிட்டேன்: புழங்குறை. கடைசியில் ‘குறை’ வந்து நிற்கிறது! விற்பவர் விலையைக் குறைக்க அதுவே போதும். ஆகவே ‘புழக்க உறை’. சேர்த்தாலும் புழக்கவுறை, தொந்தரவில்லை. புழக்க அட்டை, புழக்கப் பொதி என்று வளரும். நாணயப் புழக்கம் என்று ஏற்கெனவே சொல்கிறோம். 1923ஐப் பற்றிப் பேசும்போது அந்த வாசனையும் சேர்வது நல்லதுதான்.

மற்றதை ‘கொலு உறை’ என்று சொல்லிக்கொள்ளலாம். பட்டியலில் போட வேண்டாம், நமக்குள்.

*

செவ்வாய் மாலை, திருநெல்வேலியிலிருந்து

புழக்கம் நல்ல சொல். கொலு என்று கேலி பண்ணுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. 1931 ஜூலையில் கிராஃப் செப்பெலின் வான்கப்பல் வடதுருவப் பக்கம் போனதே, நினைவிருக்கிறதா? 1, 2, 4 ரைஷ்மார்க் விமானத் தலைகளில் ‘துருவப் பயணம் 1931’ என்று மேலச்சு போட்டு விற்றார்கள். ஃபிரான்ஸ் யோசெஃப் தீவுகளில் தண்ணீரில் இறங்கி, மலிகின் என்ற சோவியத் பனியுடைப்புக் கப்பலோடு மூட்டை மாற்றிக்கொண்டார்கள். மூட்டையில் இருந்ததில் பெரும்பகுதி சேகரிப்பவர்கள் போட்டது. அவர்கள் கொடுத்த காசு அந்தப் பயணத்தின் செலவுக்கே உதவியது. அந்த உறை யாருக்கும் சேதி சொல்லவில்லை, வாஸ்தவம். ஆனால் அது இல்லாமல் கப்பலைக் கிளப்பக் காசு திரட்டுவது பெரும்பாடாகியிருக்கும். அதையும் கொலுவில் வைத்த பொம்மை என்பீர்களா?

*

செவ்வாய் இரவு, மதுரையிலிருந்து

ஐயா சொன்னது என்னை உட்கார வைத்துவிட்டது. இத்தனை நாள் அந்தச் செப்பெலின் உறைகளைச் சந்தையில் பார்த்தால் ஒரு ஏளனத்தோடு தள்ளிவிட்டுப் போவேன். ஒன்றைக்கூட வாங்கியதில்லை. (விலையும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன்.)

புழக்க உறையையே எடுத்துக்கொள்கிறேன். உறையின் நிலையையோ உண்மை பொய்யையோ அது தொடவில்லை. எதற்காக அஞ்சலில் விழுந்தது என்பதை மட்டும் சொல்கிறது. நமக்கு வேண்டியது அவ்வளவே. மற்றதற்கு ‘சேகரிப்பு உறை’ என்று மட்டும் போடுகிறேன், கேலியும் இல்லை, பாராட்டும் இல்லை. பட்டியலில் இப்படி ஏற்றியிருக்கிறேன்:

‘புழக்க உறை: சேதி, பணம், சரக்கு போன்ற நடைமுறைத் தேவைக்காக அனுப்பப்பட்டு, அந்தக் காலத்துக் கட்டணத்தில் அஞ்சல்வழி சென்ற உறை. தலை ஒட்டாமல் ரொக்கமாகக் கட்டணம் செலுத்தியதும் இதில் அடங்கும். புழக்க அட்டை, புழக்கப் பொதி என்பவையும் இவ்வாறே. எதிர்: சேகரிப்பு உறை.’

‘கட்டணத்தில்’ என்பதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டுமோ என்று தோன்றுகிறது. நள்ளிரவில் கட்டணம் மாறிய அந்த நவம்பரில் பழைய கட்டணத்திலேயே பெட்டியில் போட்டவர்கள் இருந்திருப்பார்கள். அதுவும் புழக்கம்தானே. தஞ்சாவூர் அம்மா பார்த்துத் திருத்திக் கொடுக்கவும்.

அடுத்த சொல், சேகரிப்பவர் கேட்டுக்கொண்டதற்காக அஞ்சலகத்தில் தயவு பண்ணிக் குத்திக் கொடுப்பது. ‘தயவு முத்திரை’ என்று எழுதி வைத்திருந்தேன். டோர்ட்மன்ட் நண்பரின் மடலுக்கு அப்புறம் அழித்துவிட்டேன். அவர் ஊரில் அதைக் கேட்பவர் தயவாகக் கொடுத்த அஞ்சல்தலை என்று நினைப்பார். இரண்டு கரையிலும் குழப்பாத சொல் வேண்டும். அண்ணா, உங்கள் தபாற்கந்தோரில் நாங்கள் முத்திரை குத்துவது என்று சொல்வதற்கு என்ன பெயர்?